தாஸிம் நானாவின் முள்ளும் நோன்புக் கஞ்சியும்

தாஸிம் நானாவைப் போல ஒரு பிடிவாதக்காரரைக் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் நான் கண்டதில்லை. கடலைப் பார்க்காமலே கடல் நீரை அளந்து சம்பளம் வாங்கியவர் அவர். கடலை ஆராய வந்து கொழும்பு வெயில் ஒத்துக்கொள்ளாத வெள்ளைக்காரத் துரை ஒருவர் கண்டியில் பங்களா எடுத்து, கடல் நீரைப் போத்தல் போத்தலாக ரயிலில் வரவழைத்தார். அளக்க ஒரு பெட்டி, இரண்டு தகடு, ஒரு முள். நீரில் உப்புக் கூடினால் மின்சாரம் இலகுவாக ஓடும், முள் ஏறும். ஒன்பது வருஷம் தாஸிம் நானா அந்த முள்ளைப் பார்த்து எழுதினார். 1934இல் கப்பலேறிய துரை பெட்டியை அவரிடமே விட்டுப் போனார். கடலில்லாத ஊரில் மனுஷன் என்ன செய்வார்? சோற்றுக்கு ஊற்றும் ஆணம் முதல் ஊறுகாய் வரை அளந்து மனைவி றம்லத்தின் உயிரை வாங்கினார்.

அந்த வருஷ நோன்பில்தான் பெட்டிக்கு வேலை வந்தது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சியவர் றம்லத்தின் தம்பி சாஹுல் ஹமீது. நோன்போடு உப்புப் பார்க்க அவருக்குப் பயம். நாக்கில் வைத்துத் துப்பலாம் என்று தொழுவிக்கும் லெப்பை சொல்லியும் கேட்கவில்லை. கைக்கணக்கில் போட்டதில் மூன்று நாள் கஞ்சி கரித்தது. இன்னொரு நாள் பிழைத்தால் அகப்பை வேறு ஆளுக்கு என்று தலைவர் மஹ்மூத் ஹாஜியார் சொல்லிவிட்டார். ஐந்து பிள்ளைக்காரர், பாவம், மச்சான் வீட்டுக்கு ஓடினார்.

"பயப்படாத மச்சான், முள்ளு பொய் செல்லாது" என்று பெட்டியோடு வந்தார் தாஸிம் நானா.

வீட்டில் ருசியான கஞ்சி ஒரு கோப்பையை ஆறவிட்டு அளந்து, முள் பன்னிரண்டில் நிற்க வேண்டும் என்று குறித்திருந்தார். கொதிக்கும் கிடாரத்தில் தகட்டை விட்டதும் முள் இருபத்தாறுக்குத் துள்ளியது. சூட்டில் முள் கூடத்தான் துள்ளும். ஒன்பது வருஷமும் ஆறிய நீரையே அளந்தவருக்கு அது எங்கே தெரியும்? தண்ணீர் ஊற்றச் சொன்னார். விறகும் தண்ணீரும் சுமக்கும் கண்டி மஹய்யாவப் பக்கத்துக் காளிமுத்து வாளி வாளியாக ஊற்றினார். ஊற்ற ஊற்ற அடுப்பு மறுபடி கொதிக்க வைத்தது, முள் மெல்லத்தான் இறங்கியது. இன்னும் என்றார். முள் பன்னிரண்டுக்கு வரும்போது ஒரு கிடாரம் கஞ்சி இரண்டு கிடாரத்துக்கு மேலானது.

நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் ஹாஜியார் ஒரு மிடறு குடித்தார். அரிசி கழுவிய தண்ணீர் தோற்றது. நேரே போய் சாஹுல் ஹமீதின் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கினார்.

காளிமுத்து குறுக்கே வந்தார். "அவரு மேல தப்பில்லீங்க. பெட்டி வர்றதுக்கு முன்னாடியே நான் ஒரு செரட்ட குடிச்சேன். எனக்கென்ன நோன்பா? உப்பு அளவாத்தான் இருந்துச்சு."

"அத அப்பவே வாயத் தொறந்து செல்லப்படாதா?" என்று பாய்ந்தார் தாஸிம் நானா.

"உப்ப பெட்டிகிட்டதான கேட்டீங்க. என்கிட்ட தண்ணி மட்டுந்தான் கேட்டீங்க."

ஹாஜியார் அகப்பையைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் முதல் உப்புப் பார்த்தது காளிமுத்துவின் நாக்கு. தாஸிம் நானா விட்டாரா? தினமும் அந்த நாக்கை முதலில் பெட்டியால் அளந்தார். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்று எங்களையே கேட்டார்.