மலைமேல் மத்தியானக் கரண்ட்

சரக்கு விற்றுத் தீர்ந்தால் எந்த வியாபாரியும் சந்தோஷமாகக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவான். கரண்ட் விற்கிறவளுக்கு மட்டும் சரக்கு தீர்ந்த அன்றைக்கு வசவு நிச்சயம். மின்சாரப் பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வரதராசன்பேட்டையில் எங்கள் வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள். நான் மட்டும் டிப்ளமோ முடித்து, அரும்பாவூருக்கு மேலே, அரசாங்க லைன் ஏறாத ஒரு சின்ன மலையூருக்குக் கரண்ட் விற்கப் போனேன். சோலார் பலகைகள், ஒரு அறை நிறைய பேட்டரி, ஊருக்குள் மட்டும் ஓடும் கம்பி. அவ்வளவுதான் எங்கள் மின்வாரியம். கீழேயிருந்து ஒரு பொட்டுக் கரண்ட் வராது. அதனால் வெயில் காயும் மத்தியானத்தில் பாதி விலை, பேட்டரியில் கை வைக்கிற சாயங்காலத்தில் முழு விலை. ஜனங்களை மத்தியானத்துக்குத் திருப்புவது என் வேலை. மழைக்காலத்திலும் ராத்திரி பத்து மணிவரை விளக்கு நிற்க வேண்டும், நிற்காவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவோம் என்று என்னை அனுப்பிய கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது.

பொங்கி வழிந்த மாவு

மருதாயி அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை. கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டி விற்றுத்தான் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். பலகை மலையை விட்டு இறங்கினால் அக்காவின் பிழைப்பும் கூடவே இறங்கிவிடும். ஆனால் அக்கா கிரைண்டரைப் போடுவது சரியாக விளக்கு வைக்கிற நேரத்தில். பேட்டரி மூச்சு வாங்கும். நான் நாலு நாள் கெஞ்சி, மத்தியானத்துக்கு மாற்ற வைத்தேன்.

மறுநாள் காலையில் தூக்குவாளியோடு வாசலில் நின்றார். மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே வந்திருந்தது. வாடை தெருமுனை வரைக்கும் போனது. சித்திரை வெயிலில் மத்தியானம் ஆட்டினால் மாவு ராத்திரியே பொங்கிப் புளித்துவிடும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நானும் இட்லி தின்று வளர்ந்தவள்தான்.

திட்டித் தீர்த்துவிட்டுப் போனவர், அந்த வாரமே வழியும் கண்டுபிடித்தார். மாவைச் சாயங்காலமே விற்றார். ஊரில் காலைக்குப் பழைய சோறு, ராத்திரிக்கு இட்லி என்று ஆகிவிட்டது. எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து நீட்டிச் சொன்னார்: "சூரியன் சொன்ன நேரத்துக்கு ஆட்டுறேன், மாவு சொன்ன நேரத்துக்கு ஊரு சாப்புடுது. உங்க கம்பெனிக்கு இன்னும் என்னதான் புள்ள வேணும்?"

ஆள் இல்லாத வீட்டில் சீரியல்

ஒரு மத்தியானம் பொன்னுசாமி அண்ணன் வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். எட்டிப் பார்த்தால் வீட்டில் ஆளே இல்லை. சீரியலில் மாமியார் மருமகளைத் திட்டுகிறாள், கேட்க ஒரு கோழி மட்டும் நிற்கிறது. மக்காச்சோளக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவரைத் தேடிப் போய் விசாரித்தேன். அவர் வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "மத்தியானம் ஓட்டுனா பாதி வெலன்னு நீதானம்மா சொன்ன. மலிவா கெடைக்கையில வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

பந்தலில் வந்த வெளிச்சம்

ஐப்பசியில் ஒரு வாரம் மலையை மேகம் மூடிவிட்டது. பேட்டரி பாதிக்குமேல் ஏறவே இல்லை. அந்த வாரத்தில்தான் மருதாயி அக்காவின் மூத்த பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. கீழேயிருந்து தாய்மாமன் சீர் வருகிறது. பந்தல் விளக்கு, மைக் செட், எல்லாம் சாயங்காலத்தில். போதாதென்று அன்றைக்கே என் மேலதிகாரி பத்து மணிச் சோதனைக்கு வருவதாகப் போன் செய்தார். விசேஷத்தைத் தள்ளிப்போடச் சொல்ல வாய் வரவில்லை.

அடிவாரத்துக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டு ஜீப்பில் மலையேறி வந்தபோது ஊரே இருட்டில் கிடந்தது. ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. அவர் இறங்கக்கூட இல்லை. "இதுக்குமேல என்னம்மா பாக்கறது, நாளைக்கு லாரி வரச் சொல்லிடறேன்" என்றார். கம்பி அறுந்துவிட்டதா, பேட்டரி படுத்துவிட்டதா என்று எனக்கும் புரியவில்லை. அப்போது ஊர்க்கோடியில் மைக் கரகரத்தது. பந்தல் மட்டும் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. பொன்னுசாமி அண்ணன்தான் மொய் வாசித்துக்கொண்டிருந்தார்: "மேலத்தெரு சின்னச்சாமி வூட்டு மொய், ஒரு ராத்திரி வெளிச்சம். செல்லம்மா வூட்டு மொய், ஒரு ராத்திரி வெளிச்சம். அடியேன் மொய், ஒரு ராத்திரி வெளிச்சம், டிவியோட சேத்து."

யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. விசேஷ வீட்டுக்கு வேண்டுமே என்று வீட்டுக்கு வீடு மெயினை அணைத்துவிட்டுப் பந்தலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேலதிகாரியையும் இறக்கிப் பந்தலுக்குக் கூட்டிப்போனேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே இட்லி சாப்பிட்டார். பத்து அடித்தது, பந்தல் விளக்கு ஒரு கண்கூடச் சிமிட்டவில்லை. அவர் எழுந்து கைகழுவி வந்தபோது மருதாயி அக்கா சந்தனக் கிண்ணத்தோடு எதிரில் வந்து நின்றார். "நாளைக்கு லாரி வருதுன்னு இந்தப் புள்ள சொல்லுச்சு. வரட்டுங்க சார். ஆனா இத்தன வூட்டுக்கும் நான் மொய் திருப்பணுமே, அதுக்கு வெளிச்சத்த எங்க போயி வாங்குறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

லாரி வரவில்லை. விலை, தேவை, சந்தை என்று கம்பெனி எனக்குக் கொடுத்த பயிற்சியில் மொய்யைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லாமல் போனது எப்படி என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.