தண்ணீர் திரும்பிய நேரம்

தலவாக்கலையில் கருவாட்டுக் கடை வைத்திருந்த நண்பர் ஒரு லீவுக்கு என்னைக் கோச்சியிலும் பஸ்ஸிலுமாகத் தன் ஊரான கற்பிட்டிக்கு அழைத்துப் போனார். உப்பங்கழியான களப்பும் கடலும் சேரும் இடத்தில் தோணியை நங்கூரம் போட்டு நிறுத்தினார். தேயிலைத் தோட்டத்து ஆற்றில் நீந்தி வளர்ந்த எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. காலையில் கடல் பக்கமாகக் குதித்தேன். களப்புக்குள் ஏறிய நீரோட்டமே என்னைத் தோணியிடம் கொண்டுவந்து சேர்த்தது.

மத்தியானம் சாப்பிட்டதும் மறுபடி அதே பக்கம் குதித்தேன். எங்கள் மலையில் ஆறு காலையிலும் மாலையிலும் ஒரே பக்கம்தான் ஓடும். தண்ணீர் வந்த வழியே திரும்பும் என்று எவன் கண்டான்? காலையில் கடலைப் பார்த்து நின்ற தோணி இப்போது களப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை. கடலுக்குத் திரும்பிய தண்ணீர் என்னையும் இழுத்துக்கொண்டு போனது. கை ஓயும்வரை அடித்தும் தோணி தூரமாகிக்கொண்டே இருந்தது. நண்பர் நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டுத் துடுப்புப் போட்டு வந்து, தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்.

"தண்ணி திரும்புறது தெரியாதா உங்களுக்கு?" என்றார். தெரியாது என்று சொல்ல ரோஷம் விடவில்லை.

இப்போதும் எங்கள் ஆற்றில் இறங்குமுன் ஒரு கொழுந்தைக் கிள்ளிப் போட்டுப் பார்க்கிறேன். அது ஓட்டத்தோடு கீழ்ப்பக்கம்தான் போகிறது. ஆனாலும் சாப்பிட்டுவிட்டு வந்தால் இன்னொன்றைக் கிள்ளிப் போடுகிறேன்.