கம்பிக்கு அந்தப் பக்கம்

காலை ஆறு பத்து. இலஞ்சியில் அந்த அறையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது சிவப்பு விளக்கு. மேசைமேல் இருந்த குற்றாலம் பேரருவி மாதிரியில், ஆண்கள் குளிக்கும் இடத்தை யாராவது தொட்டால் மட்டும் எரிய வேண்டியது அது. அறையில் யாரும் இல்லை.

"ஆண்கள் பகுதி" என்றது ஒலிபெருக்கி, பதிவு செய்து வைத்திருந்த என் குரலில்.

பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்து அறிய அந்த மாதிரியைச் செய்தோம். பாறை நான் வார்த்தது. பெயிண்டுக்கு அடியில் விரலை உணரும் செப்புத் தகடுகளை வைத்தவர் ரேடியோ கடை நண்பர். போனில் சொன்னதும் சிரித்தார்.

"சாரல் ஈரம் அண்ணாச்சி. மனுசனே நனைஞ்சா உளறுதான், தகடு உளறாதா?"

பதினோரு மணிக்கு, முதலில் தொட்டுப் பார்த்துக் குறை சொல்ல ஒரு பெண் வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இரண்டு வருடம் முன்பு திடீர் வெள்ளத்தில் அவருடைய கணவர் அந்த அருவியில் போய்விட்டார். அன்று இவர் பெண்கள் பகுதியில் நின்றிருந்தார்.

அவர் விரல்கள் மாதிரியில் தடுமாறின.

"எல்லாம் எடம் மாறிக் கெடக்கே. நீங்க எதுக்க நின்னு வேடிக்கை பாத்துச் செஞ்சிருக்கீக. குளிக்கவ பாறையில முதுகைக் குடுத்துல்லா நிப்பா?"

திரும்பி நின்றார். கைகளைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். ஒரு கை பெண்கள் பகுதியில் நின்றது. மறு கை தடுப்புக் கம்பியைத் தேடிப் பிடித்தது.

"ஆண்கள் பகுதி."

"நான் இன்னும் அங்கன தொடலையே" என்றார். கையை எடுக்கவில்லை.

"இதுல ஒரு விரல் அகலம் நெசத்துல எவ்வளவு அண்ணாச்சி?"

"எட்டி வச்சு நடந்தா மூணு எட்டு."

பெண்கள் பகுதியிலிருந்து கம்பியைத் தாண்டி ஆண்கள் பகுதிவரை விரல்களை அடுக்கி அளந்தார். இரண்டு முறை.

"நாலு விரல். பன்னெண்டே எட்டு. அவுக ரொம்பத் தள்ளி நின்னாகன்னு கொழுந்தன் சொன்னாரு. இவ்வளவு பக்கம்னா நான் கூப்பிட்டது கேட்டிருக்கும், என்ன?"

நான் ஒலிபெருக்கியை அணைத்தேன்.

"அளவு சரிதானே?"

"சரிதான்."

புடவைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். வேறு குறை எதுவும் சொல்லவில்லை.

இரண்டு பகுதிக்கும் நடுவே அந்த இடைவெளி எட்டு விரல் அகலம் இருந்திருக்க வேண்டும். மாதிரியின் அடிப்பலகை அறைக் கதவில் நுழையாததால் அதை மட்டும் பாதியாகக் குறைத்திருந்தேன்.