நேராக மேசையில் அடிக்கும் எண்

"இனிமே ஆபரேட்டர் தேவையில்லீங்க மேடம். இந்த நம்பரப் போட்டா நேரா உங்க மேசையிலதான் அடிக்கும். வெளியாளுக்குத் தராதீங்க" என்றார், எங்கள் வேளாண் அலுவலகத்துக்குப் போன் பொருத்த வந்தவர். எனக்கு மணலூர்பேட்டை போன் கடையின் புழுக்கம் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. வெட்டலாம் என்று சர்க்கரை ஆலை தரும் வெட்டு உத்தரவு வராமல் எங்கள் கரும்பு காய்ந்தது. அம்மா அந்தக் கடையிலிருந்து ஆலைக்குப் பேசினால், "ஆபீசர் சீட்ல இல்ல" என்று ஆபரேட்டர் தினமும் துண்டிப்பாள். ஒருநாள், ஆலை அதிகாரியின் நேரடி எண்ணைத் தெரிந்த ஒருவரிடம் வாங்கி அடித்தாள். அவரே எடுத்தார்.

"ஐயா, கரும்பு காயுதுங்க..."

"இந்த நம்பர எவன் குடுத்தான்?"

"கரும்பக் கேட்டா இன்னாத்துக்குயா ஆளக் கேக்கற?"

அவர் வைத்துவிட்டார். அந்த வருடம் உத்தரவு வரவேயில்லை; காய்ந்த கரும்பைக் கொளுத்தினோம். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

புது எண்ணைப் பெரிதாக எழுதி வாசல் கதவில் ஒட்டினேன்.