காமன் நம்பர்

விழுப்புரத்தில் ஒரு போலீஸ் அலுவலகத்தின் பின்னறையில், கம்ப்யூட்டர் முன்னால்தான் எனக்கு வேலை. காக்கி உடுத்திக் கோலியனூரிலிருந்து பஸ் ஏறி வருவேன். திருடன் எவனையும் நான் துரத்தியதில்லை. குற்றம் நடந்த நேரத்தில் அந்த இடத்து டவரைத் தொட்ட போன் நம்பர்கள் பட்டியலாக வரும். பல பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்து, எல்லாவற்றிலும் இருக்கிற நம்பரைப் பிடிக்க வேண்டும். அதற்குக் காமன் நம்பர் என்று பெயர். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான். நாங்கள் கல்லை வைத்துக்கொண்டு அரிசியைக் கொட்டிவிடுவோம்.

மேல்மலையனூரில் இரண்டு அமாவாசை, மயிலத்தில் ஒரு கிருத்திகை, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளிக்கிழமை. நாலு தடவையும் செயின் பறிப்பு. பட்டியல்களைச் சேர்த்தேன். பந்தோபஸ்துக்குப் போன எங்கள் ஆட்களின் நம்பர்களை முதலில் கழித்துவிடுவது வழக்கம். கூட்ட நாளில் என்னையும் அனுப்புவார்கள்; நாலு தடவையும் நானும் நின்றிருந்தேன். என் நம்பரையும் கழித்தேன். மிச்சம் ஒன்றே ஒன்று நின்றது. அதற்கு மஞ்சள் அடித்து இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்குத் தயிர் சாதம்.

அந்த நம்பருக்கு உரியவர் திண்டிவனத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். கோவில் கூட்டங்களில் கூடை வைத்து எலுமிச்சம்பழம் விற்பவர். இரண்டு நாள் விசாரித்தார்கள். ஒன்றும் தேறவில்லை, விட்டுவிட்டார்கள். அவருடைய போன் மட்டும் என் மேசைக்கு வந்திருந்தது. அதை வாங்கிப் போக வந்தார். நடையில் ஓர் இழுப்பு இருந்தது. முன்பே உண்டா என்று நான் கேட்கவில்லை.

எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினேன். போட்டார். தன்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி என்பதால் சொன்னேன்: கூட்டம் கூடிய இடமெல்லாம் உங்கள் போனும் இருந்தது.

"ஜனம் எங்க கீதோ அங்கதான மேடம் நானும் போவேன்? பழத்த ஊட்லயே வச்சிக்கினு என்னா பண்றது?"

இத்தனை எளிமையாக இருந்தது. கழிக்கிற பட்டியலில் எங்களைச் சேர்த்த எனக்கு, பழம் விற்பவர், பூ விற்பவர், பலூன்காரர் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. எனக்கு வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை. பசித்தது.

போனைத் துண்டில் துடைத்துக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்டார்.

"அமாவாசைக்குப் போவக்கொள்ள இந்தப் போன ஊட்லயே வச்சிட்டுப் போனா பேஜாரு இல்லீங்களே?"

"வச்சிட்டுப் போங்க," என்றேன். ஆளை அனுப்பினால் போதும் என்றிருந்தது.

அடுத்த அமாவாசைக்கும் மேல்மலையனூரில் ஒரு செயின் போனது. இந்த முறை காமன் நம்பர் எதுவும் சிக்கவில்லை. பசங்க உஷாராகிவிட்டார்கள், போனை வீட்டில் போட்டுவிட்டு வருகிறார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். வழக்கமாக அமாவாசைக்கு அங்கே போய், அன்று மட்டும் வீட்டை விட்டு நகராமல் கிடந்த போன்களை எடுத்துத் தரச் சொன்னார்.

எடுத்தேன். முதல் வரியிலேயே திண்டிவனத்து நம்பர் நின்றது. பக்கத்தில் 'முன்பு விசாரிக்கப்பட்டவர்' என்று கம்ப்யூட்டரே சிவப்பில் காட்டியது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு, நான் நிரப்ப வேண்டியது. போனை வீட்டில் வைக்கச் சொன்னது நான்தான் என்று அதில் எழுத வேண்டும். யாரைக் கேட்டுச் சொன்னாய், ஏன் சொன்னாய் என்று கேட்பார்கள். விரல் கொஞ்ச நேரம் கீபோர்டின் மேல் இருந்தது. ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

கட்டத்தைக் காலியாக விட்டு ஃபைலை அனுப்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.