நைனாவின் ஈரத் துண்டும் என் பூ ஜடையும்

எங்கள் நகரிப் பக்கத்தில் குழந்தைகளுக்குப் பிறந்த நாள் கொண்டாடும் வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பாவுக்கு மட்டும் எங்கிருந்தோ அந்த ஆசை வந்துவிட்டது. எனக்கு ஏழு வயது முடிகிற அன்று திருப்பதிக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, கீழே ஸ்டூடியோவில் என்னைப் பூ ஜடையோடு போட்டோ எடுப்பது என்று முடிவு செய்தார். அதுவரை எங்கள் வீட்டில் ஒருவரும் போட்டோவுக்கு நின்றதில்லை. எனக்கு அந்தப் போட்டோதான் பிறந்த நாள், பெருமாளெல்லாம் அப்புறம்தான்.

விடியுமுன்னே அம்மா எங்கள் தோட்டத்து மல்லிகை மொட்டுகளை வாழைப்பட்டையில் வைத்துத் தைத்து, நடுநடுவே கனகாம்பரம் சேர்த்து, என் பின்னலில் கட்டிவிட்டாள். ரயிலில் நான் சாய்ந்து உட்காரவேயில்லை. திருத்தணி ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று பெட்டி முழுக்கத் தமிழிலும் தெலுங்கிலும் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையிலும் என் ஜடையைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மலைக்குப் போகும் பஸ்ஸில் கால் வைத்ததும் கண்டக்டர் தடுத்தார்.

“கொண்ட மீத பூலு பெட்டுகோகூடதம்மா!”

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். மலைமேல் பூவெல்லாம் பெருமாளுக்கே, மனிதர் சூடக்கூடாது. எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்து என்ன? போட்டோவையும் பெருமாளையும் ஒரே நாளில் சேர்த்துக் கோட்டை விட்டுவிட்டோம். ஸ்டூடியோ மத்தியானம்தான் திறக்கும். கழற்றிப் பையில் வைத்தால் வெயிலில் பூ வெந்துவிடும். நான் ஓவென்று அழுதேன்.

நைனா அதட்டவில்லை. தையல் நூலைப் பார்த்துப் பார்த்து அறுத்து, பூவை முழுசாகக் கழற்றினார். மேல்துண்டைக் குழாயில் நனைத்து அதைச் சுற்றினார்.

“நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் இத வெச்சிக்கினு இங்கியே குந்திக்கிறேன்.”

“இன்னா மாமா இது! சேவிச்சப்புறம்தான் துன்னுவேன்னு நேத்து ராத்திரியிலருந்து பட்டினி கெடக்கிற. நீ போ, நான் இருக்கிறேன்” என்றாள் அம்மா.

“உன்ன உட்டுட்டு கொழந்த வரமாட்டா. பெருமாளு எங்க ஓடிடப் போறாரு? பூவுதான் வாடிப்பூடும். நீ பஸ்ல ஏறுமே.”

மேலே அம்மாவின் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். பெருமாள் எங்கே தெரிந்தார்? மாலைதான் தெரிந்தது. அம்மாடி, எவ்வளவு பூ! எனக்கு வயிறு எரிந்தது.

இறங்கி வந்தபோது நைனா அதே மரத்தடியில், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். குழாயிலிருந்து மரம்வரை மண்ணில் ஈரத் தடம். துண்டைப் பிரித்தார். காலையில் மொட்டாக இருந்ததெல்லாம் விரிந்து மணத்தது. அவர் கையில் பூ இருந்ததால் அம்மா லட்டைப் பிட்டு வாயில் ஊட்டினாள். நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க! அம்மா அப்படிச் செய்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பெருமாளுக்கு அவர்மேல் கோபம் இருந்தால் என்னிடம் வரட்டும், நான் பேசிக்கொள்கிறேன்.

ஸ்டூடியோவில் அம்மா ஜடையை மறுபடி தைத்தாள். ஜடை தெரிவதற்காக என் பின்னால் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தார் போட்டோக்காரர்.

பிறகு ஒருநாள் படத்தை வாங்கப் போனபோது அவர் தலையைச் சொறிந்தார். கண்ணாடியில் என் ஜடைக்குப் பக்கத்தில், காமிராவுக்கு அருகே நின்ற நைனாவும் விழுந்திருந்தார். தோளில் ஈரத் துண்டு, வாயெல்லாம் பல்.

“தப்பாயிடுச்சும்மா. வேற எடுத்துத் தரேன்.”

“ஒண்ணும் வேணாம். இதுவே இருக்கட்டும்” என்று அம்மா பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

நைனா அதற்குப் பிறகும் போட்டோவுக்கு நின்றதேயில்லை. அவர் போன பிறகு அந்தக் கண்ணாடி முகத்தை மட்டும் பெரிதாக்கி மாட்டினோம். இன்றும் அவர் திதிக்கு எங்கள் தோட்டத்து மல்லிகையைச் சரமாகத் தொடுத்து நான்தான் அந்தப் படத்துக்குப் போடுகிறேன்.