வழி சொல்லாத ஜேபஸ் பன்னெட்

விதர்டன் கிராமத்துச் சாலைகளை முப்பத்தொரு வருடம் பராமரித்தவர் ஜேபஸ் பன்னெட். ஓரத்துப் புல்லைச் செதுக்குவது, வாய்க்காலில் அடைத்த இலைகளை வாருவது, வேலிச் செடியைக் கத்தரிப்பது, குழி விழுந்தால் சரளை கொட்டிக் கெட்டிப்படுத்துவது, இவ்வளவுதான் வேலை. அதை அவர் அரண்மனை உத்தியோகம் மாதிரி செய்வார். யுத்தம் தொடங்கியபோது நாற்பத்தாறு வயது, அப்போதும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. காரணம் கேட்டால், "இந்தப் பக்கம் யாரும் வழி தவறிக்கூட வரலையே" என்பார்.

நான் விதர்டன்காரி அல்ல. இரண்டு மைல் தள்ளி இருக்கும் ஹாக்ஸ்லிக்காரி. இரண்டு ஊருக்கும் ஆகாது. எங்களைப் பற்றி அவர்கள் சொல்வதை எழுத்தில் கொண்டுவர முடியாது. அவர்களைப் பற்றி நாங்கள் சொல்வது அத்தனையும் உண்மை.

1940 கோடையில், ஜெர்மன் படை எந்த நாளும் வந்து இறங்கலாம் என்ற பேச்சு இருந்தபோது, ஓர் இளம் ராணுவ அதிகாரி ஜேபஸைத் தேடி வந்தார். ஊர்ப்பெயர் எழுதிய கைகாட்டிப் பலகைகளை எல்லாம் கழற்றி மறைத்துவிட வேண்டும், வெளியாட்கள் யாருக்கும் வழி சொல்லக் கூடாது என்று உத்தரவு.

"உங்க அம்மாவே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது, புரியுதா?"

"அம்மா போய்ச் சேர்ந்து பன்னெண்டு வருஷம் ஆச்சுங்க."

"அப்ப ரொம்ப வசதியாப் போச்சு" என்றார் அதிகாரி.

ஒரே நாளில் பதினான்கு பலகைகளையும் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றினார் ஜேபஸ். எங்கே வைத்தார் என்று மதுக்கடையில் துளைத்துத் துளைத்துக் கேட்டார்கள். அவர் பீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் மார்ச்சில், லீட்ஸ் பக்கமிருந்து மர்ட்டில் ஆஷ்பி என்ற நர்ஸ் இந்த வட்டாரத்துக்கு மாற்றலாகி வந்தார். வந்த மறுநாளே ஹாக்ஸ்லியில் ஒரு பிரசவம் என்று தகவல். கறுப்புப் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பியவருக்கு, ஒரு முச்சந்தியில், பலகை இல்லாத கம்பமும் வாய்க்காலுக்குள் நின்ற ஜேபஸும்தான் தென்பட்டார்கள்.

"ஏங்க, ஹாக்ஸ்லிக்கு எந்தப் பக்கம் போகணும்?"

ஜேபஸ் நிமிர்ந்து பார்த்தார். முகமும் புதிது, பேச்சும் புதிது. "ஹாக்ஸ்லியா? அப்படி ஒரு ஊரு இருக்கா என்ன?"

"அதை நீங்கதானே சொல்லணும்?"

"நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லைங்க."

மர்ட்டில் இடது பக்கம் போனார். இருபது நிமிடம் கழித்து வலது பக்கமிருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். காட்டைச் சுற்றி வரும் சந்து அது. மறுபடி ஒரு சுற்று. மூன்றாம் முறை சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு இறங்கினார். முழங்கால் வரை சேறு.

"இங்க பாருங்க. நான் நர்ஸு. அங்க பெக் வீட்டுல ஒரு பொம்பளை வலியில துடிச்சிக்கிட்டிருக்கா. நாலாவது பிரசவம்."

"பெக்கோட பொஞ்சாதியா? அவளுக்கு மத்த மூணும் அரை மணி நேரத்துல பொறந்துச்சே!"

"அதுக்குத்தானே இந்தப் பாடு படறேன்!"

"ஜெர்மன்காரன் நர்ஸ் வேஷத்துலயும் வருவான்னு ஆபீசர் சொல்லியிருக்காருங்க."

மர்ட்டில் பையைத் திறந்து, பிரசவ சாமான்களை ஒவ்வொன்றாக அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "ஜெர்மன்காரன் இதையெல்லாமா சுமந்துக்கிட்டு வருவான்?"

ஜேபஸ் காது வரை சிவந்து வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வழி சொல்ல மாட்டேன். உத்தரவுன்னா உத்தரவுதான். ஆனா ஹாக்ஸ்லியில ஒரு வாய்க்காலைப் பார்க்க வேண்டியிருக்கு. இப்பவே கிளம்புறேன். பின்னாடி யாரு வர்றாங்கன்னு திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது."

மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வேலியோரம் நிறுத்தியிருந்த தன் சைக்கிளில் ஏறினார். மர்ட்டில் பின்னால் போனார்.

"கொஞ்சம் வேகமாத்தான் மிதிங்களேன்!"

"யாரோ பேசுற மாதிரி இருக்கு. காத்தா இருக்கும்" என்று முன்னால் பார்த்தே சொன்ன ஜேபஸ், வேகமாகத்தான் மிதித்தார்.

அவர்கள் வந்து சேர்ந்த எட்டாவது நிமிடம் நான் பிறந்தேன். ஆள் வரும்வரை காத்திருந்த மரியாதை தெரிந்த குழந்தை என்று அம்மா கடைசிவரை பெருமையடித்தாள்.

மர்ட்டில் வெளியே வந்தபோது, எங்கள் வீட்டு வாசல் வாய்க்காலை ஜேபஸ் துடைத்து வைத்தாற்போல் ஆக்கியிருந்தார். அது அவருடைய எல்லையே அல்ல.

"பொண்ணு. ஏழு பவுண்டு எடை."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? நான் வாய்க்காலுக்கு வந்தவன்."

"சரி, திரும்பிப் போக வழி?"

ஜேபஸ் சைக்கிள் ஏறி முன்னால் போனார்.

அதற்குப் பிறகு நர்ஸம்மா எங்கே போக வேண்டியிருந்தாலும் அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் அடைத்துக்கொண்டது. ஈஸ்டருக்குள்ளேயே எல்லாச் சந்தும் தனக்கு மனப்பாடமாகிவிட்டது என்று மர்ட்டில் பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார். அதை ஜேபஸிடம் சொல்ல மட்டும் ஒன்றரை வருடம் மறந்துவிட்டாராம்.

1942 நவம்பரில் பாலைவனப் போரில் நம் படை ஜெயித்தது. யுத்தத்துக்காக நிறுத்தி வைத்திருந்த தேவாலய மணிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிக்கலாம் என்று நாடு முழுவதும் அனுமதி வந்தது. அன்று ஜேபஸ் கடுங்காய்ச்சலில் கிடந்தார். விதர்டனில் ஆறு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். முதல் இழுப்புக்கே, நூறு பாத்திரங்கள் மாடிப்படியில் உருண்டது போல ஒரு சத்தம். கோபுரத்துக் காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. பாதிரியார் பிம் தலைமேல் சுண்ணாம்பு கொட்டியது. ஹாக்ஸ்லி வரை கேட்டதாம். "மணியடிக்கக்கூடத் தெரியாத பயலுக" என்று என் அப்பா சந்தோஷப்பட்டார்.

ஏறிப் பார்த்தால், மணிச் சட்டத்தில் கட்டிவைத்த பதினான்கு பலகைகள். அதில் இரண்டு பலகைகள் கட்டு அவிழ்ந்து மணியின் வழியில் நின்றிருந்தன.

பாதிரியார் நேரே ஜேபஸின் படுக்கைக்கு வந்தார். "ஏம்ப்பா ஜேபஸ், ஒளிக்க வேற இடமே கிடைக்கலையா?"

"ஐயா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"நானூறு பேரு கேட்டாச்சுப்பா!"

ஜேபஸ் கம்பளியை உதறிவிட்டு எழுந்தார். அன்று மதியமே வேறு இடத்துக்கு மாற்றியாக வேண்டும் என்றார். மருந்து கொடுக்க வந்திருந்த மர்ட்டில் அவரைத் தோளைப் பிடித்து அமுக்கிப் படுக்க வைத்தார்.

"படுங்க. நான் பாத்துக்கறேன்."

மாலையில் திரும்பி வந்து, வேலை முடிந்தது என்றார் மர்ட்டில்.

"எங்க வச்சீங்க?"

"உத்தரவுன்னா உத்தரவுதான். கட்டிக்கப் போறவரே கேட்டாலும் சொல்லக் கூடாது."

ஜேபஸ் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். "யாரு, யாரைக் கட்டிக்கப் போறது?"

"அதையும் நான் சொல்றதுக்கில்லைங்க."

மறு வருடம் கல்யாணம். நர்ஸம்மாவின் குடிசையிலேயே குடித்தனம். 1944இல் பலகைகளைத் திரும்ப மாட்டலாம் என்று தகவல் வந்த பிறகுதான், ஒன்றரை வருடமாக அவற்றின் மேல்தான் படுத்துத் தூங்கியிருக்கிறோம் என்பது ஜேபஸுக்குத் தெரிந்தது. மெத்தைக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வைத்தார். "முதுகுவலின்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாம்" என்று முதுகைத் தடவிக்கொண்டார்.

பிள்ளைகள் இல்லை. மர்ட்டில் பிறக்கவைத்த குழந்தைகள்தான் இரண்டு ஊரிலும் நிறைந்திருந்தோம். ஓய்வுபெற்ற பின்பும் ஜேபஸ் காலையில் ஒரு சுற்று சைக்கிளில் போய், புதிதாக வந்த சாலை ஊழியரின் வேலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு வருவார்.

1967 ஜனவரியில், தூக்கத்திலேயே போனார். அடக்கத்தன்று இடுப்பளவு பனி. தேவாலயத்துக்கு வண்டி போக முடியாது. யாரும் கூப்பிடாமலே ஹாக்ஸ்லி ஆண்கள் இருபது பேர் மண்வெட்டிகளோடு வந்தார்கள், என் அப்பா உட்பட. அதுவரை அப்பா விதர்டனுக்குள் கிரிக்கெட் ஆட்டத்துக்குத் தவிர கால் வைத்ததில்லை. விதர்டன்காரர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நடுப்பகலுக்குள் பாதை தெரிந்தது.

அடக்கம் முடிந்து எல்லாருக்கும் தேநீரும் உலர்பழக் கேக்கும் கொடுத்த மர்ட்டில், ஜன்னல் வழியே பாதையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் வாரியிருக்கீங்க. அவரு இருந்திருந்தா, ஓரம் நேரா இல்லைன்னு சொல்லியிருப்பாரு."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஓரத்தை நேராக வெட்ட ஆரம்பித்தார்.